பவுடர் பாலுக்கு மாற்றியதிலிருந்து குழந்தை மேல் வேறு வாடை வருகிறது, யாருக்காவது இப்படி இருந்ததா?

மலைக்கோட்டை_அம்மா:
வணக்கம் தோழிகளே. என் பையனுக்கு 5 மாதம் ஆகப் போகிறது. 26 வார விடுப்பில் 6 வாரம் பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிட்டதால் போன திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். அதற்காக மூன்று வாரத்துக்கு முன்பே தாய்ப்பாலைக் குறைக்க ஆரம்பித்து, இப்போது முழுக்க டப்பா பால்தான். நன்றாகக் குடிக்கிறான், எடையும் ஏறியிருக்கிறது, சிரிப்புக்கும் குறைவில்லை. ஆனால் அவன் மேல் அடிக்கும் வாடைதான் எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. முன்பெல்லாம் உச்சியில் மூக்கை வைத்தால் எதையோ வறுத்த மாதிரி ஒரு இனிப்பு வாசம் வரும், அதற்காகவே அவனை மடியை விட்டு இறக்க மாட்டேன். இப்போது சாயங்காலம் வந்து தூக்கினால், தயிர்ப் பாத்திரத்தைக் கழுவாமல் மூடிவைத்துத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த வாடை. குளிப்பாட்டினால் போகிறது, இரண்டு வேளை பால் குடித்ததும் திரும்ப வந்துவிடுகிறது. மலமும் மஞ்சளாகப் போனது மாறி, பச்சையும் பழுப்புமாகக் கெட்டியாகப் போகிறான், பெரியவர்கள் போனது மாதிரி நாற்றம்.

மாமியார் பால் கெட்டியாக இருக்கிறது, செரிக்காமல்தான் வாடை வருகிறது, தண்ணீரைக் கூட ஊற்றிக் கலக்கு என்கிறார். அம்மா டப்பாவையே மாற்றச் சொல்கிறார். எனக்கோ, நான் பாலை நிறுத்தியதால்தான் பிள்ளையின் வாசமே போய்விட்டது என்று ராத்திரியில் அழுகை வருகிறது. காய்ச்சல், வாந்தி எதுவும் இல்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கரிசல்காடு:
அழாதீர்கள் மா. எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டாமவளுக்கு 3 மாதத்திலேயே பவுடர் பால்தான், இந்த வாடையை நான் நன்றாக அறிவேன். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, தோளுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். தலை கொஞ்சம் பின்னால் சாயும், கழுத்து மடிப்பு விரியும். இந்த வயதில் கழுத்தே தெரியாது, மூன்று மடிப்பு இருக்கும். அந்த மடிப்புக்குள் பாருங்கள். என் மகளுக்கு உள்ளே வெள்ளையாக, திரித்த பஞ்சு மாதிரி ஒரு கோடே இருந்தது, துடைத்து முகர்ந்தால் அப்படியே திரிந்த பால். தினமும் குளிப்பாட்டிக் கொண்டுதான் இருந்தோம், ஆனாலும் அந்த இடத்தில் கை போகவே இல்லை.

மார்பில் குடிக்கும்போது வாய் நன்றாகக் கவ்வியிருக்கும், அவ்வளவாக ஒழுகாது. புட்டியில் பால் வேகமாக வரும், வாய் ஓரமாக ஒழுகி நேராகக் கழுத்துக்குள் போய்விடும். கக்கினாலும் அதே வழிதான். காதுக்குப் பின்னாலும் பாருங்கள், படுத்துக்கொண்டு கக்கினால் அங்கேயும் போய்த் தங்கும். அப்புறம் அக்குள், மூடியிருக்கும் உள்ளங்கை. விரல் இடுக்கில் பாலும் நூலும் சேர்ந்து அழுக்காக இருக்கும்.

ஒவ்வொரு வேளை பாலுக்குப் பிறகும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடையுங்கள். பவுடர் மட்டும் போடவே போடாதீர்கள், ஈரத்தோடு சேர்ந்து மாவாகி மடிப்பில் ஒட்டிக்கொள்ளும், மூக்குக்குள் போனாலும் ஆபத்து. மடிப்புக்குள் தோல் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளியாக இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டிக் களிம்பு வாங்க வேண்டியதுதான். தூளிச் சேலையையும் முகர்ந்து பாருங்கள். பிள்ளையைக் கழுவிக் கழுவித் திரும்ப அதே சேலையில் போட்டால் வாடை எப்படிப் போகும்?

வார்டு_நர்ஸ்:
குழந்தைகள் வார்டில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் அவசரமான விஷயம்: தண்ணீரைக் கூட்டிக் கலக்கவே வேண்டாம். உங்கள் மாமியார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், பெரியவர்கள் நிறையப் பேர் பசும்பாலுக்குத் தண்ணீர் சேர்த்த பழக்கத்தில் இதைச் சொல்வார்கள். ஆனால் பவுடர் பாலில் தண்ணீர் கூடினால் சத்து குறைவதோடு நிற்காது, குழந்தையின் ரத்தத்தில் உப்பு அளவு இறங்கி வலிப்பு வரை போகும். பவுடரைக் கூட்டினாலும் தப்பு, உடம்பில் நீர் வற்றும், சிறுநீர் அடர்ந்து அமோனியா நெடி அடிக்கும். நம் ஊரில் பெரும்பாலான டப்பாக்களில் 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு ஸ்பூன், அதுவும் தலை வழித்த ஸ்பூன். எதற்கும் உங்கள் டப்பாவில் இருப்பதைப் படித்து, அந்த டப்பாவோடு வந்த ஸ்பூனையே பயன்படுத்துங்கள். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு பவுடர். பவுடர் கிருமி நீக்கியது இல்லை, அதனால்தான் கொதிக்கவைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கலந்த பாலை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம், குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் யார் கலக்குகிறார்களோ அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை செய்து காட்டுங்கள்.

மலம் மாறியது இயல்புதான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் பிஃபிடோ வகை பாக்டீரியா அதிகம், அதனால் மலம் லேசான புளிப்பு வாடையோடு மஞ்சளாக இருக்கும். பவுடர் பாலுக்கு மாறினால் குடலில் இருக்கும் பாக்டீரியாக் கூட்டமே மாறும், கெட்டியாகும், நாறும். அதில் சேர்க்கும் இரும்புச்சத்தால் பச்சையாகவும் போகும்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பால் கொடுத்த காலத்தில் வெந்தயம் நிறையச் சாப்பிட்டீர்களா?

மலைக்கோட்டை_அம்மா:
ஐயோ ஆமாம் அக்கா! பால் ஊற வேண்டும் என்று அம்மா வாரத்தில் நான்கு நாள் வெந்தயக் களி கிண்டிக் கொடுத்தார், கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் போட்டு. பாலை நிறுத்தியதும் களியையும் நிறுத்திவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?

கரிசல்காடு அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே துண்டை வைத்துக் கழுத்தைப் பார்த்தேன். இரண்டாவது மடிப்புக்குள் வெள்ளையாக இருந்தது, துடைத்தால் கீழே தோல் சிவந்திருக்கிறது. பார்த்ததும் நெஞ்சு பதைத்துவிட்டது.

வார்டு_நர்ஸ்:
சம்பந்தம் இருக்கிறது. வெந்தயத்தில் சோட்டலோன் என்று ஒரு வாசனைப் பொருள் உண்டு, அது சாப்பிட்டவரின் வியர்வையிலும் சிறுநீரிலும் வரும், பால் குடிக்கிற பிள்ளை மேலும் அந்த வாசம் வரும். நீங்கள் சொன்ன 'எதையோ வறுத்த மாதிரி இனிப்பு' அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பால் நின்றது, களி நின்றது, அந்த வாசமும் நின்றுவிட்டது. பிள்ளைக்கு எதுவும் குறைந்துவிடவில்லை மா.

இதை நான் கேட்டதற்குக் காரணம், மேப்பிள் சிரப் யூரின் நோய் என்று பிறவியிலேயே வரும் அரிதான வளர்சிதை மாற்றக் கோளாறு ஒன்று உண்டு. சில அமினோ அமிலங்களை உடம்பால் உடைக்க முடியாது, சிறுநீரும் காதுக் குறும்பியும் இதே இனிப்பு வாசம் அடிக்கும், அதுவும் சோட்டலோன்தான். அதனால் குழந்தை இனிப்பாக வாசம் அடிக்கிறது என்றால் அம்மா வெந்தயம் சாப்பிட்டாரா என்று டாக்டர்கள் கேட்பார்கள். அந்த நோயின் கடுமையான வகையில் பிறந்த சில நாளிலேயே பால் குடிக்காமல் துவண்டுவிடும். உங்கள் பையன் குடித்து விளையாடுகிறான், எடையும் ஏறுகிறது.

இதே வகையில் வியர்த்த கால் நாற்றம், எலிப் புழுக்கை நெடி, மீன் கவிச்சி, இந்த மூன்றும் எவ்வளவு கழுவினாலும் போகாமல் சிறுநீரிலும் வியர்வையிலும் வந்துகொண்டே இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வாடையோடு பால் மறுப்பு, ஓயாத வாந்தி, துவண்டு கிடப்பது, ஒரு நாளைக்கு 6 முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழிப்பது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள். உங்கள் பையனுக்குக் கழுத்துச் சிவப்பைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் இருக்கிற களிம்பைத் தடவாதீர்கள்.

ஆறாவது_மாதம்:
டப்பா மாற்றுவது பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில் மாட்டியவள். என் மகனுக்கு மலத்தில் ரத்தக் கோடு வந்தது, பசும்பால் புரத ஒவ்வாமை என்று டாக்டர் கண்டுபிடித்து, புரதத்தை நொதியால் சின்னச் சின்னதாக உடைத்த பவுடர் எழுதிக் கொடுத்தார். டப்பாவைத் திறந்தாலே ஒரு நெடி, உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரை ஒரு நாள் மூடிவைத்த மாதிரி, குடித்தால் கசப்பு. இரண்டே நாளில் அவன் வாய், தலை, வியர்வை, மலம் எல்லாம் அதே நெடி. அந்தப் பவுடரே அப்படித்தான். அவனுக்கு அது மருந்து மாதிரி, அதனால் மூக்கைப் பழக்கிக்கொண்டோம். பிறகு சாப்பாடு சேர்த்துப் பவுடர் குறையக் குறைய நெடியும் குறைந்தது. உங்கள் பையன் குடிப்பது சாதாரண பவுடர் என்றால், வாடைக்காக மட்டும் டப்பா மேல் டப்பாவாக மாற்றி அவன் வயிற்றைக் கஷ்டப்படுத்தாதீர்கள்.

இன்னொன்று, வேலைக்குப் போனால் முழுக்க நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? காலையில் கிளம்பும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, ராத்திரி, அப்படிக் கொடுக்கலாமே. மூன்று வாரம்தான் ஆகிறது, பிள்ளையை அடிக்கடி சப்ப விட்டால் பலருக்குத் திரும்ப ஊறும். நம் நாட்டுச் சட்டத்தில் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் தினம் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று இருக்கிறது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள். பீய்ச்சி எடுத்துவைத்த பால் சில பேருக்கு ஃப்ரிட்ஜில் சோப்பு வாடை அடிக்கும், பாலில் இருக்கும் லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது அது, கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம்.

மலைக்கோட்டை_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை டாக்டரிடம் காட்டினோம், பூஞ்சைதான், பத்து நாளைக்குக் களிம்பு எழுதியிருக்கிறார். பாலை அளவு மாற்றாமல் கலக்கும்படி அவர் மாமியாரிடமே நேரில் சொல்லிவிட்டார். மாமியாரே இப்போது ஒவ்வொரு வேளை பாலுக்குப் பிறகும் பழைய வேட்டித் துணியை நனைத்துக் கழுத்தைத் துடைத்து வைக்கிறார். தூளிச் சேலை மூன்று எடுத்து மாற்றி மாற்றிக் கட்டுகிறோம். ஐந்து நாளாகத் தயிர் வாடை இல்லை, சோப்பும் தேங்காய் எண்ணெயும்தான் வருகிறது.

இரண்டு நாளாக ராத்திரி மட்டும் மார்பில் போடுகிறேன். முதல் நாள் மறந்துவிட்டவன் மாதிரி முகத்தைத் திருப்பினான், நேற்று கொஞ்ச நேரம் சப்பினான். பால் எவ்வளவு வருகிறது என்று தெரியவில்லை. நாளைக்கு அம்மா களி கிண்டுகிறேன் என்கிறார், சரி என்று சொல்லியிருக்கிறேன்.

வார்டு_நர்ஸ்:
நல்லது மா. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது களி சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவையுங்கள், சிறுநீர் இனிப்பாக வாசம் அடித்தால் அவர் காரணம் தேட வேண்டியிருக்காது. சப்ப ஆரம்பித்துவிட்டான் என்பதற்காகப் புட்டிப் பாலைச் சட்டென்று குறைத்துவிடாதீர்கள், எடையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் செய்யலாம்.