மறு: “சர்வீஸ் ஏரியா”வுக்குத் தமிழ்ச்சொல் — வருகைப் பரப்பும் தென்படுபரப்பும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> வீடு தேடி வந்து வேலை செய்யும் தொழில்களிடம் கூகுள் கேட்கும் “சர்வீஸ் ஏரியா”வைச் “சேவை வட்டம்” என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

பினாங்கிலிருந்து ஐயா அவர்கள் முன்வைத்த இச்சொல்லின் சுருக்கம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆயினும் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஏர்கான், வயரிங், குழாய்ப் பழுது, கூரை ஒழுகல் முதலிய வேலைகளை எடுத்துச் செய்யும் நம்மவர்களுக்காக ஆயத்தமாகிவரும் தமிழ்க் கையேட்டில் அதைச் சேர்க்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இவ்விடத்தில் சொல் தவறான எண்ணத்தைத் தந்தால், விளம்பரத்துக்குப் போடும் பணமும் தவறான இடத்துக்குத்தான் போய்ச் சேரும்.

முதலாவதாக, அங்கே வட்டமே இப்போது இல்லை. ஒரு தொழிலின் விவரங்களைத் தேடலிலும் வரைபடத்திலும் காட்டும் கூகுள் வணிகப் பக்கத்தில் முன்பு, தொழில் நடக்கும் இடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று ஆரம் குறிக்க முடிந்தது; அந்த வசதி நீக்கப்பட்டுவிட்டது. இன்று ஊர்ப் பெயராகவோ அஞ்சல் எண்ணாகவோ ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இருபதுக்கு மேல் சேர்க்க இயலாது. மொத்தப் பரப்பும் ஏறத்தாழ இரண்டு மணி நேர வண்டிப் பயணத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்று கூகுள் அறிவுறுத்துகிறது. சுங்கை சிப்புட்டுக்கு 31100, சிம்மோருக்கு 31200, கோலகங்சாருக்கு 33000 என்று சேர்த்துக்கொண்டு போகிறவருக்குக் கிடைக்கும் உருவம் எப்படிப் பார்த்தாலும் வட்டமன்று. ஆனால், கூகுளில் காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்தில் ஆரம் குறிக்கும் வசதி இன்றும் இருக்கிறது. எனவே “விளம்பர வட்டம்” என்ற தொடரை அதற்கென்றே ஒதுக்கி வைப்போம். தமிழகத்து வாசகருக்கு வட்டம் என்றதும் வட்டாட்சியர் அலுவலகம் நினைவுக்கு வரும் என்பது தனிக் கதை.

இரண்டாவது காரணமே எனக்கு முதன்மையானது. “சேவை வட்டம்” என்றாலும் “சேவைப் பகுதி” என்றாலும், அந்தப் பட்டியலில் ஓர் ஊரைச் சேர்த்தவுடன் அவ்வூரில் தேடுகிறவர்களின் கைப்பேசியில் தம் பெயர் வந்து நிற்கும் என்ற நம்பிக்கை எப்படியோ வந்துவிடுகிறது. சுங்கை சிப்புட்டில் வீட்டை வைத்துக்கொண்டு ஏர்கான் கழுவுகிற ஒருவர் பட்டியலில் அருகிலுள்ள ஈப்போ நகரைச் சேர்க்கிறார், ஈப்போவிலிருந்து அழைப்பு வரும் என்று காத்திருக்கிறார், வருவதில்லை. வரைபட முடிவுகளை வரிசைப்படுத்துவதற்குக் கூகுள் தானே வெளிப்படையாகச் சொல்லும் அடிப்படைகள் மூன்று: தேடிய சொல்லுக்கும் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவருக்கும் தொழில் நடக்கும் இடத்துக்கும் உள்ள தொலைவு, அத்தொழில் எவ்வளவு பெயர்பெற்றிருக்கிறது என்பது. நாம் நிரப்பிக் கொடுக்கும் ஊர்ப் பட்டியல் இம்மூன்றில் எதிலும் இல்லை. வீட்டு முகவரியைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைத்து வைக்கலாம். வீடு தேடிச் சென்று வேலை செய்பவர்கள், வாடிக்கையாளரைத் தம் வீட்டில் வரவேற்காதவரை, அப்படித்தான் செய்யவும் வேண்டும். ஆனால் மறைத்துவிட்டதால் முகவரி இல்லாமல் போய்விடுவதில்லை. உறுதிசெய்யப்பட்ட இடம் கூகுளின் கணக்கில் இருந்துகொண்டே இருக்கிறது. ஈப்போவில் நின்று தேடுகிறவருக்கு ஈப்போக்காரர்களே முதலில் தெரிவார்கள். வரைபடத்தோடு மேலே காட்டப்படும் பட்டியல் ஒரு காலத்தில் ஏழு பெயர்களைத் தாங்கியிருந்தது. 2015இல் அது மூன்றாகக் குறுகியதிலிருந்து இந்தப் போட்டி இன்னும் இறுகிவிட்டது.

ஆகவே நமக்குத் தேவை ஒரு சொல் அன்று, இரண்டு சொற்கள். நாம் போய் வேலை செய்ய ஒப்புக்கொள்ளும் இடங்களுக்கு ஒன்று. தேடும்போது நம் பெயர் உண்மையிலேயே கண்ணில் படும் இடங்களுக்கு மற்றொன்று. முன்னதற்கு “வருகைப் பரப்பு” என்றும் பின்னதற்குத் “தென்படுபரப்பு” என்றும் முன்மொழிகிறேன். முதல் பரப்பை நாமே முடிவுசெய்து எழுதிக் கொடுக்கலாம். இரண்டாவது பரப்பை எழுதிக் கொடுக்க எந்தக் கட்டமும் இல்லை. அதைச் சம்பாதிக்க வேண்டும், அவ்வப்போது அளந்தும் பார்க்க வேண்டும்.

“வருகை” பற்றி எழக்கூடிய தடை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு நினைவுக்கு வரும். வாடிக்கையாளர் கடைக்கு வருவதைக் குறிக்கிறதோ என்ற மயக்கமும் நேரலாம். ஆனால் வணிகப் பக்கத்தைப் படிப்பவர் வாடிக்கையாளர். அவர் தொலைபேசியில் முதலில் கேட்பது, “அண்ணே, எங்க தாமானுக்கு வருவீங்களா?” என்பதுதான் (தாமான் என்பது வீடமைப்புக் குடியிருப்பு). “செல்பரப்பு” என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி நல்ல சொல்தான், ஆயினும் இக்காலத்தில் அதைக் கேட்பவர் தொலைபேசி அலை கிடைக்கும் இடத்தைத்தான் நினைப்பார். “தென்படுபரப்பு” வினைத்தொகை ஆகையால் நடுவில் வல்லினம் மிகாது. நேற்றுத் தென்பட்டதும் இன்று தென்படுவதும் நாளை தென்படப் போவதும் அதற்குள் அடங்கும். மாதத்துக்கு மாதம் விரிந்து சுருங்கும் ஒன்றுக்கு இது பொருந்தி வருகிறது. “காட்சிப் பரப்பு” கண்காட்சித் திடலை நினைவூட்டுகிறது. “தெரிவு” இலங்கைத் தமிழருக்குத் தேர்ந்தெடுத்தல். ஆகையால் “தெரிவுப் பரப்பு” என்றால் நாமே தேர்ந்தெடுத்த பரப்பு என்று நேர்மாறாகப் பொருள்படும்.

> வயர்மேன் தம்பிகளுக்குச் “சர்வீஸ் ஏரியா” என்றாலே புரியும். பிறகு தமிழ்ச்சொல் எதற்கு?

கிள்ளானிலிருந்து அம்மா அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. நெடுஞ்சாலையில் ஓடும் நம்மவர்களுக்குச் “சர்வீஸ் ஏரியா” என்றால் சுங்கை பேராக் ஓய்விடத்தில் இறங்கித் தேநீர் குடிக்கும் இடம் என்பதை விளையாட்டாகவே சொல்கிறேன். விளையாட்டை விட்டுச் சொன்னால், அந்த ஆங்கிலத் தொடர் இரண்டு பரப்புகளையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருப்பதுதான் சிக்கல். வாடிக்கையாளர்கள் இச்சொற்களைத் தட்டித் தேடப் போவதில்லை. இங்கே தேடல் பெரும்பாலும் மலாயில், “சர்விஸ் ஏர்கோண்ட்” (ஏர்கான் சர்வீஸ்), “துக்காங் பைப்” (குழாய் வேலை செய்பவர்), “டெக்காட் சாயா” (எனக்கு அருகில்) என்றுதான் நடக்கிறது. விளம்பர வாசகம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். தொழில் செய்பவர் தம் மனத்துக்குள் கணக்குப் போடுவதற்குத்தான் இந்தத் தமிழ்ச்சொற்கள்.

அந்தக் கணக்கு இதுதான்: வருகைப் பரப்புக்குள் இருந்தும் தென்படுபரப்புக்கு வெளியே கிடக்கும் ஊர்கள் எவையோ, அவையே விளம்பரப் பணம் செல்ல வேண்டிய இடங்கள். சுங்கை சிப்புட் டவுனிலேயே முதல் மூவரில் ஒருவராக வருகிறவர், அதே டவுனுக்கு விளம்பரம் போட்டுப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. அவர் சிம்மோருக்கும் கோலகங்சாருக்கும் போடட்டும். இன்னும் தென்படவே தொடங்காதவர், பணத்தைத் தொடும் முன் பொருத்தத்தையும் பெயரையும் கவனிக்கட்டும்: தொழில் வகையைச் சரியாகத் தேர்வது, செய்த வேலைகளின் படங்களைச் சேர்ப்பது, வேலை முடிந்த கையோடு வாடிக்கையாளரிடம் கருத்து எழுதும்படி கேட்பது. கருத்துக்குத் தள்ளுபடியோ அன்பளிப்போ கொடுப்பது விதிமீறல். தொழிற்பெயரோடு மூன்று ஊர்ப் பெயர்களை ஒட்டவைப்பதும், ஈப்போவில் உள்ள உறவினர் வீட்டு முகவரியைக் காட்டி இன்னொரு பக்கம் திறப்பதும் அப்படியே, பக்கமே முடக்கப்படலாம். தொழிலை உறுதிசெய்யக் கூகுள் காணொளி கேட்டால், தெருப் பலகை, வேன், கருவிகள் எல்லாம் அதில் தெரிய வேண்டும். மின்வேலை செய்பவர்கள் எரிசக்தி ஆணையம் வழங்கிய வயர்மேன் தகுதிச் சான்றிதழ் தம்மிடம் இருப்பதைப் பக்கத்தில் குறிப்பிடலாம்; அதைப் பார்த்துத்தான் அழைக்கும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள்.

தோட்டத்து ஊர் என்பதால் வரும் சங்கடம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் பெரியவர்கள் ஒரு தோட்டத்தை அழைக்கும் தமிழ்ப் பெயர் ஒன்று, நிறுவனம் வைத்த பெயர் வேறு, தோட்டம் துண்டாடப்பட்டு வீடுகள் எழுந்தபின் வந்த தாமான் பெயர் மூன்றாவது. தாமான் மெலாத்தி, தாமான் மாவார் போன்ற பெயர்கள் பல ஊர்களில் உண்டு. சொந்த இணையத்தளம் வைத்திருப்பவர் இம்மூன்று பெயர்களையும் ஊர்ப் பெயரோடு சேர்த்து இயல்பான வாக்கியங்களில் எழுதினால், பொருத்தம் கூடும். வழி தெரியாமல் அழைப்பவருக்கும் உதவும். விளம்பரத்தில் இடம் தேரும்போதும் கவனம் தேவை: மலாக்காவின் அலோர் காஜா மாவட்டத்திலும் சுங்கை சிப்புட் என்றொரு முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) இருக்கிறது.

விளம்பர வட்டம் குறித்து எனக்குள்ளேயே தீராத கேள்வி ஒன்று. குறித்த இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டுவதா, அவ்விடத்தின்மேல் ஆர்வம் காட்டும் வெளியூராருக்கும் சேர்த்துக் காட்டுவதா என்று கூகுள் கேட்கிறது. வீட்டுவேலைத் தொழில்களுக்கு முன்னதே சரி என்பது எல்லாரும் தரும் அறிவுரை. ஆனால் நம் ஊரின் பிள்ளைகள் பலர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, இங்கே தனியாக இருக்கும் அப்பா அம்மா வீட்டுக் குழாய்க்கு அங்கிருந்தே ஆள் தேடுகிறார்கள். பணம் கொடுப்பதும் அவர்களே. அவர்களை வெளியே நிறுத்துவது நமக்கு நட்டம் என்றே நினைக்கிறேன். இரண்டையும் தனித்தனி விளம்பரமாக, சிறு தொகையில் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கையேட்டில் எழுதலாம்.

வேலை கேட்டு வாடிக்கையாளர் தொடர்புகொள்வதைக் குறிக்கும் “லீட்” பற்றிச் சுருக்கமாக: “விசாரிப்பு” போதும். “விசாரணை” நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் உரியதாகிவிட்டது. விசாரிப்புக்கு இவ்வளவு என்று கூகுளே கட்டணம் பெறும் விளம்பர முறை அமெரிக்கா, கனடா, சில ஐரோப்பிய நாடுகள் என்ற அளவில் நடப்பது. நம் கையேட்டில் அதற்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

மாற்றுச்சொல் தர விரும்புகிறவர்கள் அதைக் கீழ்க்காணும் வாக்கியத்தில் இட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். “ஈப்போ என் வருகைப் பரப்பில் இருக்கிறது, என் தென்படுபரப்பில் இன்னும் இல்லை, அதனால் ஈப்போவுக்கு மட்டும் விளம்பரம் போட்டிருக்கிறேன்.” இதை ஒரு வயர்மேன் தேநீர்க் கடையில் தயங்காமல் சொல்லக்கூடிய அளவில் வேறு இணைச்சொற்கள் அமைந்தால், என்னுடையவற்றை விலக்கிக்கொள்ள எனக்குத் தடையில்லை.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து, கையேட்டுக் குழுவுக்காக