அல்பியன் ஹில்ஸில் பனிச்சறுக்கும் நடையும்

கேள்வி:
வணக்கம். டொராண்டோவுக்கு வடமேற்கே, ஹம்பர் ஆற்றையொட்டிய அல்பியன் ஹில்ஸ் இயற்கைப் பாதுகாப்புப் பகுதியில் இந்தக் குளிர்காலம் பிள்ளைகளோடு சமதளப் பனிச்சறுக்கை (cross-country skiing) தொடங்க எண்ணுகிறோம். அம்மா சறுக்க மாட்டார். அவர் அதே தடத்தில் நடந்து வரலாமா?

பதில் 1:
சறுக்குத் தடத்தில் தயவுசெய்து நடக்க வேண்டாம். இயந்திரத்தால் பனியை இறுக்கி, ஸ்கீ (காலில் மாட்டும் நீண்ட சறுக்குப் பலகை) ஓடுவதற்கென்று இரண்டு இணையான பள்ளங்களைப் பதித்திருப்பார்கள். அதில் விழும் ஒரு காலடிக் குழி இரவில் உறைந்து இறுகிவிட்டால், மறுநாள் சரிவில் இறங்கி வரும் குழந்தை அதில் தடுக்கி விழக்கூடும். நடப்பவர்களுக்கு உரிய பாதை எதுவென்று நுழைவாயிலில் கேட்டு, அம்மாவை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

பதில் 2:
முதல் பருவத்தில் ஸ்கீகளை வாடகைக்கு எடுப்பதே நல்லது. அடிப்பாகத்தில் மீன் செதில் போன்ற வெட்டுகள் உள்ளவற்றைக் கேளுங்கள். அவை ஏற்றத்தில் பின்னோக்கி வழுக்குவதைத் தடுக்கும், பிடிமானத்துக்கு மெழுகும் பூச வேண்டியதில்லை. பருத்தி உள்ளாடை வேண்டவே வேண்டாம். வியர்வையில் நனைந்தால் உடல் விறைத்துவிடும்.

பதில் 3:
பிள்ளைகளை உறைந்த ஆற்றின்மேல் இறங்க விடாதீர்கள். ஓடும் நீரின்மேல் பனிக்கட்டி எங்கும் ஒரே தடிப்பில் இருப்பதில்லை. 1954 அக்டோபரில் ஹேசல் சூறாவளியின்போது இதே ஹம்பர் பெருக்கெடுத்துப் பல உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் டொராண்டோ வட்டாரத்தின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதைத் தடுத்து, நிலங்களைப் பொதுவுடைமையாக்கும் பணி வேகம் பெற்றது. மார்ச்சில் பனி உருகும்போது கரையோரப் பாதைகளைத் தவிர்த்துவிடுங்கள்.