பெரிக் நைத்திரேற்றில 9 தண்ணியும் எங்க நிக்குது?

உவர்மலைப் பெடியன்: அண்ணாமார், பெரிக் நைத்திரேற்று எண்ட இரும்பு உப்புப் போத்தல்ல 9 தண்ணி மூலக்கூறு எண்டு போட்டுக் கிடக்கு, ஆனா இரும்பைச் சுத்தி 6 பேருக்குத்தானே இடம், மிச்சம் 3ம் எங்க?

லாப்காரன்: தம்பி, 6 தண்ணி எண்முகியா, அதாவது ஆறு மூலையில ஆறா, இரும்பைப் பிடிச்சிருக்கும், மிச்ச 3ம் நைத்திரேற்றும் வெளியில, ஐதரசன் பிணைப்பால பளிங்குக்குள்ள ஒட்டிக்கொண்டு நிக்கும். அலுமினிய நைத்திரேற்றிலயும் இதே கதைதான். எல்லாம் இப்பிடி எண்டு நினைச்சிடாதையும், செப்பு நைத்திரேற்றின்ர 2.5 தண்ணிப் பளிங்கில நைத்திரேற்று நேர செப்பிலயே போய்ப் பிடிக்கும்.

நிலாவெளியான்: பெரிக் நைத்திரேற்றுப் பளிங்கு மெல்லிய ஊதா, தண்ணியில கரைச்சா மஞ்சள் கபிலம், அது நீர்ப்பகுப்பால, அதாவது இரும்பு தண்ணியோட தாக்கம் செய்யிறதால. மூடியை இறுக்கிப் பூட்டும், எங்கட கடல்காத்துக்குக் கெதியில கசிஞ்சு கூழாகிடும். நாக (சிங்க்) நைத்திரேற்று இன்னும் மோசம், 36 பாகையிலயே உருகும், திருமலை வெயிலுக்கு சொல்லவே தேவையில்ல!

உவர்மலைப் பெடியன்: ஓம் அண்ணா, விளங்கிட்டுது.