பொருள்: தொலைநோக்கித் தகட்டுக்கும் அதைப் பொருத்தும் வேலைக்கும் சொல் வேண்டும் (திங்கட்கிழமைக்குள்!)

தருமபுரி:

அனைவருக்கும் வணக்கம். இயற்பியல் மாணவர்களைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போகிறோம். அதற்கு முன் அவர்கள் கையில் ஒரு சிறு கையேடு தர வேண்டும். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

மங்கலான விண்மீன் பேரடை ஒன்றின் நிறமாலையைப் பதிவு செய்யப் பெரிய தொலைநோக்கிக்கே மணிக்கணக்கில் ஆகும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுள் போதாது. அதனால் தொலைநோக்கி ஒளியைக் குவிக்கும் இடமான குவியத் தளத்தில் மெல்லிய தகடு ஒன்றை வைக்கிறார்கள். எந்தப் பேரடை எங்கே விழுமோ அங்கெல்லாம் அதில் குறுகலான வெட்டு இருக்கும். மற்ற ஒளியெல்லாம் தகட்டிலேயே நின்றுவிடும். ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியின் டீமோஸ் என்ற நிறமாலைக் கருவியில் ஒரே தகட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட வெட்டுகள் போடலாம்.

வெட்டின் அகலம் ஏறத்தாழ 1 வில்நொடிதான் (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). தகடு வானத்தோடு சரியாக உட்காராவிட்டால் வெட்டுக்குள் பேரடை இருக்காது, வெறும் இருட்டுதான் இருக்கும். ஆகவே தகட்டில் சில சதுரத் துளைகளும் போடுகிறார்கள். ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியை விலக்கிவிட்டு ஒரு படம் எடுத்தால் அந்தச் சதுரங்களுக்குள் பளிச்சென்று சில விண்மீன்கள் தெரியும். அவை நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்து, தொலைநோக்கியை நகர்த்தி, கருவியைக் கொஞ்சம் சுழற்றி, மறுபடியும் படம். சரியானதும் கீற்றணியை உள்ளே விடுவார்கள்.

எனக்கு வேண்டியவை: தகட்டுக்கு ஒரு சொல், இந்தச் செயலுக்கு (ஆங்கிலத்தில் அலைன்மென்ட்) ஒரு சொல், சதுரத்துக்குள் தெரியும் விண்மீன்களுக்கு ஒரு சொல். தகட்டுக்கு ஆங்கிலத்தில் ஸ்லிட் மாஸ்க் என்று பெயர்; அதை 'பிளவு முகமூடி' என்று எழுதினால் வகுப்பு என்னை வைத்துச் செய்துவிடும்.

ஊத்தங்கரை:

பல்சான்றீரே! சன்னலுக்குச் சிலப்பதிகாரம் 'காலதர்' என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. 'மான்கண் காலதர் மாளிகை' நினைவிருக்கும். காற்று வரும் வழி காலதர் என்றால் ஒளி வரும் வழி ஒளியதர். தகடு 'ஒளியதர்த் தகடு'. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தகடு என்ற சொல்லையும் விடாதீர்கள். தருமபுரிக்குப் பழைய பெயரே தகடூர். தகடு என்றால் பூவின் புறவிதழ் என்றும் பொருள் உண்டு. இரும்பையும் சேர்த்துப் பாருங்கள்: நம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று 2022இல் காலம் அறிவித்தார்கள். தகடு அடித்த ஊர் தகடூர் ஆகியிருக்கலாம். அதியமான் ஜம்பைக் கல்வெட்டில் 'ஈத்த பாளி' என்று வருகிறதே, அந்தப் பாளி, பாளம், பிளவு எல்லாமே ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து.

அரூர்:

ஐயா, பாளி என்பது சமணர் இருந்த குகை. பிளவுக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டால் நாளைக்குப் பள்ளிப்பாளையமும் பிளவுபட்டுவிடும்.

யங் இரட்டைப் பிளவு ஆய்வைப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகள் கல்லூரிக்கே வருகிறார்கள். ஆகவே 'பிளவு' போதும். 'கீற்று' யாரும் சொல்லுமுன் நானே மறுத்துவிடுகிறேன்: ஒளிக்கீற்று என்றால் உள்ளே வருகிற ஒளி, அது வருகிற வழி அல்ல. கீற்றணி வேறு அதே பக்கத்தில் இருக்கிறது. 'கீறுதகடு' என்று வினைத்தொகையாக்கினால் கீறிய தகடா கீறுகிற தகடா என்று குழப்பம்.

இப்படி ஒரே நேரத்தில் பலவற்றின் நிறமாலை எடுப்பதை 'பல்பொருள் நிறமாலையியல்' என்றும் தயவுசெய்து எழுத வேண்டாம். பல்பொருள் அங்காடி நினைவுக்கு வருகிறது.

பாலக்கோடு:

ஸ்லிட் மாஸ்க், அலைன்மென்ட் என்றே எழுதிவிடுங்கள். காவலூரில் பிள்ளைகள் கேட்கப்போவது அந்தச் சொற்களைத்தான். ஒளியதரைக் கேட்டால் அங்கே யாருக்குப் புரியும்?

ஊத்தங்கரை:

புரிய வைப்பதற்குத்தானே ஆசிரியர் இருக்கிறார்? 'விண்மீன்' என்ற சொல்லும் யாருக்கோ முதல்நாள் புரியாமல்தான் இருந்திருக்கும்.

ஓசூர்:

ஐயா, அக்கா, எங்கள் ஷாப்பில் எல்லாமே அலைன்மென்ட்தான். வீல் அலைன்மென்ட் போர்டு இல்லாத தெரு ஓசூரில் குறைவு. ஆனால் நான் எழுத வந்தது வேறு. டீமோஸ் தகடு அலுமினியம், மில்லிங் செய்வது. ஜெமினி தொலைநோக்கியில் கார்பன் ஃபைபரை லேசரில் வெட்டுகிறார்கள். சிலியில் 2018 வரை இயங்கிய விமோஸ் கருவிக்கு, சூட்டிலும் குளிரிலும் அளவு அதிகம் மாறாத இன்வார் என்ற உலோகக் கலவைத் தகடு. காரணம் சுலபம்: அரை மீட்டர் அலுமினியம் 20 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் ஏறத்தாழ 0.23 மி.மீ. சுருங்கும். கெக்கில் ஒரு வில்நொடி என்பது தகட்டின் மேல் 0.7 மி.மீ.தான். கால்வாசிக்கும் மேலே போச்சு! இதைக் கணக்கில் வைத்துத்தான் வெட்ட வேண்டும். நகர்த்தியும் சுழற்றியும் இதைத் தீர்க்க முடியாது. கையேட்டில் இதைச் சேர்க்க முடியுமா அக்கா?

தருமபுரி:

தம்பி, அருமை, சேர்த்துவிடுகிறேன். நமக்கு வேண்டிய சொல்லுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. 'நேர்ப்படுத்தல்' என்று பலரும் எழுதுகிறார்கள். கொத்தனார் நூல் பிடிப்பது நேர்ப்படுத்தல். இங்கே சுழற்சிதான் பெரிய தலைவலி. 0.1 பாகை தவறினாலும் தகட்டின் நடுவில் ஒன்றும் தெரியாது. 5 வில்நிமிடம் (300 வில்நொடி) தள்ளிப் போனால் அரை வில்நொடி விலகியிருக்கும். வெட்டில் பாதி அகலம்! ஒரே விண்மீனை வைத்து இந்தச் சுழற்சியைக் கண்டுபிடிக்கவும் முடியாது, குறைந்தது இரண்டு வேண்டும். விண்மீன்களின் இடங்களைப் பட்டியலிட்ட பிறகு ஏதாவது ஒன்று தன் இயக்கத்தால் இடம் மாறியிருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க இன்னும் சில வேண்டும். 'நேர்' என்ற சொல்லில் இதெல்லாம் அடங்குமா?

கிருஷ்ணகிரி:

நான் அச்சகக்காரன், வானியல் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்வது நாங்கள் தினமும் செய்கிற வேலை. நாலு கலர் அடிக்கும்போது மூலையில் கூட்டல் குறி போடுவோம். ஒரு பிளேட் தள்ளியிருந்தாலும் சாய்ந்திருந்தாலும் அந்தக் குறி காட்டிவிடும். ஒரே ஒரு குறியைப் பார்த்து எவனும் மெஷினை ஓட விடமாட்டான். அப்போது 'ரிஜிஸ்டர் சேருது, சேரலை' என்போம். ஆகவே 'குறி சேர்த்தல்'. அந்த விண்மீன்கள் 'குறிமீன்கள்'.

பாலக்கோடு:

குறிமீன் என்றால் கே.ஆர்.பி. அணை வறுவல் கடையில் கிடைக்குமா?

தருமபுரி:

சேர்த்தல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் 'குறி' என்று நான் வாயெடுத்ததும் கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பும், அதை அடக்கவே பத்து நிமிடம் போய்விடும். 'வழிகாட்டி விண்மீன்' என்றும் எழுத முடியாது. தொலைநோக்கி வானத்தைத் தொடர்ந்து பின்பற்ற உதவுகிற வேறு விண்மீனுக்கு அந்தப் பெயர் போய்விட்டது.

அரூர்:

அப்படியானால் 'பொருத்துதல்', 'பொருத்து விண்மீன்'. அடுத்து வருவது 'வி' என்பதால் ஒற்று மிகாது. நகர்த்துவது, சுழற்றுவது இரண்டும் இதில் அடங்கும்.

கிருஷ்ணகிரி:

பொருத்துவது என்றால் திருகு போட்டு முடுக்குவதும்தான். அளந்து பார்த்துத் திருத்துகிற வேலை அதில் எங்கே இருக்கிறது? ஓட்டு எடுத்தால் நான் எதிர்.

ஓசூர்:

எனக்குப் பொருத்துதல் ஓகே. பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர்தானே!

தருமபுரி:

நேரமாகிவிட்டது. கையேட்டில் 'பிளவுத் தகடு', 'தகட்டைப் பொருத்துதல்', 'பொருத்து விண்மீன்' என்று போடுகிறேன். முதல்முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே ஸ்லிட் மாஸ்க் என்றும் இருக்கும், பாலக்கோட்டாருக்காக. அனைவருக்கும் நன்றி.

ஊத்தங்கரை:

அம்மா, தாங்கள் அனுப்பிய மெய்ப்பில் தலைப்பு 'பிளவு தகடு' என்று இருக்கிறது. 'த்' போடச் சொல்லுங்கள். ஒளியதர் என்று எழுதியிருந்தாலும் 'த்' வேண்டும்தான், ஆனால் அதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அடுத்த பதிப்புக்கு மறுபடியும் எழுதுவேன்.