ஜிஎம் திரை வீட்டிலேயே செய்தேன், திரையே வேண்டாம் என்கிறார் நண்பர்

அல்சூர்_ஆந்தை:
அல்சூரில் என் வாடகை வீட்டு ஹாலில் ஞாயிறு மதியம் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம், ஐந்தாம் பதிப்பு. நான்தான் ஜிஎம், அதாவது கதையையும் அரக்கர்களையும் நடத்துபவர். ஜிஎம் தன் குறிப்பையும் பகடையையும் மறைக்க முன்னால் நிறுத்தும் மடிப்பு அட்டைதான் திரை. கடையில் விற்பது வெளிநாட்டுச் சரக்கு, விலையைக் கேட்டதும் வைத்துவிட்டு வந்தேன். சரி, நாமே செய்துகொள்ளலாம் என்று இறங்கினேன்.

முதல் முயற்சி சொதப்பல். நான்கு ஏ4 தாளை லேமினேட் செய்து செல்லோ டேப்பால் சேர்த்தேன். ஃபேன் போட்டால் சாய்ந்தது. டியூப் லைட் அதில் பட்டுப் பளபளத்ததில், நான் எழுதியதை நானே கழுத்தை வளைத்து வளைத்துப் படிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது தடவை அவென்யூ ரோட்டில் 2 மி.மீ. பைண்டிங் அட்டையும் அரை மீட்டர் கலிக்கோ துணியும் வாங்கி வந்தேன். ஏ4 தாளை நெட்டுக்குத்தலாக வைத்த அளவில் நான்கு பேனல். 84 செ.மீ. அகலம், ஏறக்குறைய 30 செ.மீ. உயரம். இப்போது ஆடாமல் நிற்கிறது. ஆனால் இரண்டு குறை. மூடும்போது சரியாக மடங்காமல் விறைக்கிறது. அப்புறம், எங்கள் குழுவில் ஒருவர், "உன் மூஞ்சியே தெரியவில்லை, ரயில்வே கவுன்டரில் டிக்கெட் கேட்பது மாதிரி இருக்கிறது" என்கிறார். திரையையே தூக்கிப் போடச் சொல்கிறார். நான் முடியாது என்றேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தாயம்_ஒன்று:
அந்த ஒருவர் நான்தான். இங்கேயும் சொல்கிறேன்: திரை வேண்டாம். எங்கள் வீட்டில் தாயம் ஆடும்போது கையை மறைத்து உருட்டினால் பாட்டி கட்டையைப் பிடுங்கிவிடுவார். உருட்டியது எல்லோர் கண்ணிலும் பட்டால்தான் அது ஆட்டம். ஜிஎம்முக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

பைண்டிங்_பட்டறை:
உங்கள் சண்டைக்குள் நான் வரவில்லை. மடிப்பு விறைப்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், அப்பாவின் பட்டறையில் வளர்ந்தவன்.

பேனல்களுக்கு நடுவே எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி விட்டிருப்பீர்கள். அதுதான் தப்பு. ஓரத்துப் பேனல் உள்பக்கம் மடங்கும்போது இரண்டு அட்டை சேர்கிறது, கனம் 4 மி.மீ. வெளிப்பக்கம் ஒட்டிய துணி அந்தக் கனத்தைச் சுற்றி வர வேண்டும். அங்கே 5 மி.மீ. விடுங்கள். நடு மடிப்பில் நான்கு அட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்காரும், கனம் 8 மி.மீ. அங்கே 10 விடவேண்டும். எல்லாவற்றுக்கும் 5 விட்டால் நடுவில் துணி இழுத்துக்கொள்ளும், பத்து தடவை திறந்து மூடினால் பிய்ந்துவிடும்.

இன்னொன்று. ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டாதீர்கள். பசை ஈரத்தில் தாள் விரியும், காயும்போது சுருங்கும், அட்டையையும் தன் பக்கம் இழுத்து வளைக்கும். மறுபக்கமும் ஒரு தாள் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். ஒட்டிய கையோடு மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். பெங்களூரு மழைக்காலத்தில் இரண்டு ராத்திரி. ஃபெவிகாலே போதும். பட்டறையில் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்போம், பூச்சி வராது. ஆனால் அது விஷம், தின்பண்டம் வைத்துக்கொண்டு ஆடுகிற மேஜைக்கு வேண்டாம்.

அல்சூர்_ஆந்தை:
ஆமாம் அண்ணா, எல்லா இடத்திலும் 4 மி.மீ.தான் விட்டேன். நடுவில் துணி இப்போதே நூல் நூலாக வருகிறது.

தாயம்_ஒன்றுக்கு: தாயத்தில் ஒளிக்க ஒன்றும் இல்லையே. இங்கே கதவில் பொறி இருக்கிறதா என்று நீ தேடுகிறாய். உன் கண் முன்னாலேயே நான் இருபதுமுகப் பகடையை உருட்டி 3 விழுந்தால், "பொறி எதுவும் தென்படவில்லை" என்று நான் சொல்வதை நம்புவாயா? இன்னொருவரைத் தேடச் சொல்வாய். 18 விழுந்தால் நிம்மதியாகக் கதவைத் திறப்பாய். எண்ணைப் பார்த்தவுடன் பயம் போய்விடுகிறது. வரைபடமும் குறிப்பும் வேறு இருக்கின்றன. அவற்றை எங்கே வைத்துக்கொள்வது, மடியிலா?

தாயம்_ஒன்று:
பொறிக்கு ஒப்புக்கொள்கிறேன். சண்டைக்கு? போன மாதம் பாலத்தில் நடந்ததை மறந்துவிட்டாயா? ஓகர் என்ற அரக்கன் மூன்று தடவை அடித்து மூன்றும் தவறியது. மூன்றாவது தடவை பகடை உருண்ட சத்தம் கேட்டது, அப்புறம் நீ ஒரு நொடி பேசவில்லை, அப்புறம் "தவறிவிட்டது" என்றாய். அந்த ஒரு நொடி ஐந்து பேருக்கும் கேட்டது. என் வீரன் பிழைத்தது எனக்குச் சந்தோஷமாகவே இல்லை.

சோழி:
ஆறு வருடமாக கோரமங்களாவில் ஜிஎம்மாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் பகடையை மறைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆட்டம் 1974இல் வந்தது. ஜட்ஜஸ் கில்ட் என்ற சிறு நிறுவனம் திரையை விற்கத் தொடங்கியது 1977இல். அட்டை நிறைய அட்டவணை. அடிக்கடி புத்தகம் புரட்டாமல் இருக்கத்தான் பாதி வேலை.

அதனால் ஆந்தை, உங்கள் திரையின் உள்பக்கம் என்ன ஒட்டியிருக்கிறீர்கள்?

அல்சூர்_ஆந்தை:
வலையில் கிடைத்ததை எல்லாம், அக்கா. மயக்கம், முடக்கம் மாதிரி 15 நிலைமைகள், ஆயுத விலைப்பட்டியல், பயண வேகம், ஒளி, மறைவு. எழுத்து எறும்பு அளவில் இருக்கிறது.

சோழி:
விலைப்பட்டியல் ஆடுபவரின் வேலை, கிழித்துவிடுங்கள். நான் மூன்று செஷன் முழுக்க ஒரு தாளில், புத்தகத்தைத் திறந்த ஒவ்வொரு தடவையும் எதற்கு என்று கோடு போட்டேன். அதிகக் கோடு விழுந்தவை மட்டும் திரைக்குப் போயின. ஒரு செயல் கைகூட எட்ட வேண்டிய எண்: எளிது 10, நடுத்தரம் 15, கடினம் 20. பாதி மறைவு என்றால் ஏசி (அடிக்க வருபவர் எட்ட வேண்டிய எண்) கூட 2, முக்கால் மறைவு என்றால் 5. மந்திரத்தில் கவனம் வைத்திருப்பவர் அடிபட்டால் 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அதை எட்ட வேண்டும். விழுந்தால் ஒவ்வொரு 10 அடி உயரத்துக்கும் ஒரு ஆறுமுகப் பகடை சேதம். நிலைமைகளில் ஆறுதான் எங்கள் மேஜையில் வருகின்றன.

மிச்ச இடத்தில் பெயர்கள். இருபது ஆள்பெயர், பத்து சத்திரப் பெயர். ஆடுபவர் திடீரென்று மீன்காரியிடம் பெயர் கேட்கும்போது நீங்கள் விழிக்கிற விழி இருக்கிறதே, அதைத்தான் திரை முதலில் மறைக்க வேண்டும். நான் தமிழில்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஆட்டத்தை வெளியிடுபவர்கள் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டுவிட்டார்கள், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், தாராளமாக மொழிபெயர்த்து ஒட்டலாம். 'பாராலைஸ்டு', அதாவது உடல் முடங்கிய நிலைமை, எங்கள் மேஜையில் 'மரக்கட்டை'. "நீ மரக்கட்டை" என்றால் விளக்கமே வேண்டாம்.

புதுசு_ஆறு:
இவ்வளவு வேண்டுமா? ஆபீசில் தூக்கிப் போட்ட பாக்ஸ் ஃபைல் இரண்டை விரித்து நிறுத்தி, தாளை கிளிப் போட்டு மாட்டினால் ஆகாதா?

பைண்டிங்_பட்டறை:
ஆகும். முதல் வருடத்துக்கு அதுவே நல்லது. தாளை ஒட்டாமல் கிளிப் போடுவதும் நல்ல யோசனை, மாற்றிக்கொள்ளலாம். என் பிழைப்பில் மண் விழும் என்றாலும் சொல்கிறேன்.

தாயம்_ஒன்று:
சோழி அக்கா சொல்வதெல்லாம் ஒரே ஒரு தாளில் அடங்கும். மேஜையில் படுக்க வைக்கலாம். மதில் எதற்கு?

அல்சூர்_ஆந்தை:
தெருக்கூத்தில் திரை எதற்கு? இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், வேஷக்காரர் பின்னால் நின்று பாடுகிறார், சலங்கை மட்டும் கேட்கிறது. பார்ப்பவனுக்கு அடிவயிறு கலங்கும். அந்தக் கலக்கம் திரையால் வருவது.

தாயம்_ஒன்று:
நல்ல உதாரணம் கொடுத்தாய். வேஷக்காரர் வெளியே வந்ததும் அந்தத் துணியை என்ன செய்கிறார்கள்? சுருட்டி வைத்துவிடுகிறார்கள். விடிய விடிய அதைப் பிடித்துக்கொண்டா கூத்து நடக்கிறது? அரக்கன் வரும்வரை மறைத்துக்கொள். வந்த பிறகு அவன் அடிப்பது எங்கள் கண் முன்னால் நடக்கட்டும்.

சோழி:
ஆந்தை, இதற்கு உங்களிடம் பதில் இல்லை என்று நினைக்கிறேன். 😄 நான் திரையைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்கிறேன், குறிப்பு அதன் பின்னால், பகடைத் தட்டு நடுவில். தேடுவது, ஒளிவது, பொய்யைக் கண்டுபிடிப்பது மட்டும் திரைக்குப் பின்னால்.

அல்சூர்_ஆந்தை:
கூத்தை நான் இழுத்திருக்கக் கூடாது. சரி, உயரத்தை 21 செ.மீ. ஆக வெட்டிவிடுகிறேன், பேனல் சதுரமாகிவிடும், என் மூஞ்சியும் தெரியும். ஒட்டிய தாள்களின் அடிப்பாகம் போய்விடும், பரவாயில்லையா?

சோழி:
அடிப்பாகத்தில் என்ன இருக்கிறது?

அல்சூர்_ஆந்தை:
ஆயுத விலைப்பட்டியல்.

பைண்டிங்_பட்டறை:
நடு மடிப்புத் துணியை முதலில் உரித்து மாற்றுங்கள், அப்புறம் வெட்டுங்கள். இரும்பு ஸ்கேல் வைத்து, கட்டரை ஒரே தடவையில் அழுத்தாமல் ஏழெட்டுத் தடவை மெதுவாக இழுங்கள். வெட்டிய ஓரத்தில் துணி பிரியும், இரண்டு விரல் அகலத்தில் கலிக்கோ பட்டை மடித்து ஒட்டிவிடுங்கள்.

தாயம்_ஒன்று:
அப்போ இந்த ஞாயிறு ஓகர் வெளியே உருட்டும்?

அல்சூர்_ஆந்தை:
ஓகர் போன மாதமே செத்துவிட்டான்.

அவனுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான்.