காலையில் சென்சார் 92, நிலையம் 48: எதை நம்புவது?

கேள்வி
ஜன்னலுக்கு வெளியே பிஎம்எஸ்5003 தூசி சென்சார் மாட்டியிருக்கு. காலை 6 மணிக்கு பிஎம் 2.5 (2.5 மைக்ரான் வரைக்குமான நுண்துகள்) அளவு அதுல 92, 2 கி.மீ. தள்ளியிருக்கிற அரசு நிலையத்தில் 48. மதியம் சென்சாரில் 30, நிலையத்தில் 19. பெட்டிக்குள்ள ஈரப்பதம் காலையில் 80%, மதியம் 45%. ரெண்டு இடத்து அளவுமே ஒரு கன மீட்டர் காற்றுக்கு இத்தனை மைக்ரோகிராம்ங்கிற கணக்கு, ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு) இல்லை. சென்சார் போயிடுச்சா?

பதில் 1
போகலை. அது தூசியை எடை போடறதில்லை. துகள்ல பட்டுச் சிதறுற லேசர் ஒளியை வெச்சு, அடர்த்தி இவ்வளவு இருக்கும்னு ஒரு அனுமானத்துல எடையைக் கணிக்குது. ஈரக் காற்றுல உப்பு, சல்பேட் துகள்கள் தண்ணி குடிச்சு உப்பிடும். சென்சாருக்கு அந்தத் தண்ணியும் தூசிதான். நிலையங்கள்ல பரவலா இருக்கிறது பீட்டா கதிர் கருவி. அது உள்ளே வர்ற காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைச்சிட்டு, வடிகட்டி நாடாவுல படிஞ்சதை அளக்கும்.

அதிருக்கட்டும், எந்த எண்ணைப் படிக்கிறீங்க? ஒரே அளவீட்டை இந்த சென்சார் சிஎஃப்1, ஏடிஎம்னு ரெண்டு விதமாக் கணக்கிட்டுத் தரும். சுமார் 30 வரை ரெண்டும் ஒண்ணு, அதுக்கு மேல ஏடிஎம் குறைச்சுக் காட்டும்.

கேட்டவர்
சிஎஃப்1தான்.

பதில் 2
அப்ப கணக்கு சுலபம். பர்ப்பிள்ஏர்ங்கிற காற்றுத் தரக் கருவிக்குள்ளேயும் இதே வகை சென்சார்தான். அதுக்கு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்த திருத்தம்:

0.524 × சிஎஃப்1 − 0.0862 × ஈரப்பதம் + 5.75

உங்க காலை எண்ணுக்கு 47, மதியத்துக்கு 18 வருது. பெட்டிக்குள்ள காட்டுற ஈரப்பதத்தைத்தான் போடணும், வானிலை ஆப்ல பார்த்ததை இல்லை. ஒரு மணி நேர சராசரியோட ஒரு மணி நேர சராசரியை ஒப்பிடுங்க. நிலையம் போடுற நேரம் அந்த மணியோட தொடக்கமா முடிவான்னும் பார்த்துக்கங்க. இந்த எண்கள் அமெரிக்கக் காற்றுக்குப் பொருத்தினவை. முடிஞ்சா நிலையத்துக்குப் பக்கத்துல ரெண்டு வாரம் ஓடவிட்டு, ரெண்டு இடத்து எண்களையும் வெச்சு இதே மாதிரி சொந்தமா ஒரு திருத்தச் சூத்திரம் பொருத்துறதுதான் உத்தமம்.

பதில் 3
புழுதிக் காற்று அடிக்கிற நாள்ல இந்தச் சூத்திரம் கைவிட்டுடும். கனமான துகளை அந்தச் சின்ன விசிறி லேசர் வரைக்கும் சரியா இழுக்காது. பிஎம் 10னு (10 மைக்ரான் வரைக்குமான துகள்) வர்ற எண் பெரும்பாலும் ஊகம், அதை நிலையத்தோட ஒப்பிடவே வேண்டாம். சமையலறை எக்ஸாஸ்ட் பக்கம் மாட்டினா தாளிப்புப் புகைதான் பதிவாகும். நாளாக நாளாக அளவு இறங்கிட்டே வந்தா காற்று சுத்தமாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. உள்வாய்ல பஞ்சு, சிலந்தி வலை அடைச்சிருக்கும். மின்சாரத்தை நிறுத்திட்டு, மெல்லிய பிரஷால எடுங்க.