ரெஸ்யூமே அனுப்பியும் அழைப்பே வருவதில்லை, எதை மாற்றுவது?

கேள்வி: ஒரே ரெஸ்யூமேயைத்தான் எல்லா இடத்துக்கும் அனுப்புகிறேன். எங்கே தவறுகிறது?

பதில் 1: முதலில் ஃபைலைப் பாருங்கள். டேபிள், இரண்டு நெடுவரிசை (column), படத்துக்குள் எழுத்து இவை இருந்தால், நிறுவனங்கள் ரெஸ்யூமேக்களை வடிகட்டப் பயன்படுத்தும் மென்பொருள் பல நேரம் வரிகளைக் குழப்பிவிடும். பிடிஎஃப்பில் உள்ளதை முழுக்க காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குலைந்தால் ஒரே நெடுவரிசையாக மாற்றிவிடுங்கள்.

பதில் 2: விளம்பரத்தில் கேட்கும் திறன் உங்களிடம் உண்மையிலேயே இருந்தால் அதே சொல்லில் எழுதுங்கள். ‘விற்பனையைக் கவனித்தேன்’ என்றால் ஒன்றும் புரியாது. ‘3 பேர் குழு, மாதம் 200 ஆர்டர்’ என்றால் கேள்வி கேட்க இடம் கிடைக்கும்.

பதில் 3: அந்த நிறுவனத்துக்குள்ளே தெரிந்தவர் இருக்கிறாரா? விண்ணப்பிக்கும் முன்பே உங்களைப் பரிந்துரைக்கச் சொல்லிக் கேளுங்கள். நேரடியாக விண்ணப்பித்துவிட்டால் சில நிறுவனங்கள் பரிந்துரையை ஏற்பதில்லை. விளம்பரத்தில் உள்ள வேலை எண்ணையும் (job ID) லிங்க்கையும் சேர்த்தே அனுப்புங்கள், பாவம், அவரைத் தேட வைக்காதீர்கள்.